சகலைக்கு ஆண், எனக்குப் பெண்

மணலி சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் சீல் பார்ப்பது என் வேலை. லாரி கேட்டுக்கு வந்ததும், பூட்டில் மாட்டியிருக்கும் சீல் முழுசாக இருக்கிறதா, நம்பர் ஒத்துப்போகிறதா, யாராவது வெட்டி மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நான் கை காட்டினால்தான் கேட் திறக்கும். இந்த வேலைக்கு வந்ததால் எனக்குச் சந்தேகப் புத்தி வந்ததா, சந்தேகப் புத்தி இருந்ததால் இந்த வேலை வாய்த்ததா என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது. பால் பாக்கெட்டைக்கூட நான்கு முனையும் பார்த்துத்தான் வாங்குவேன்.

எனக்கு வாய்த்த சகலையும் அப்படியே. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன். ஹோட்டலில் சாம்பார் வாளியைக் கிளறிக் காட்டச் சொல்லிவிட்டு ஊற்றிக்கொள்கிற ஆள். நானும் இவரும் கூட்டாக மீன் வளர்த்தோம் என்று சொன்னால் எங்களைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஃபைட்டர் மீன். பாட்டிலில் தனியாக ஒன்று நிற்குமே, அதுதான். எதிரில் இன்னொரு ஆணைக் கண்டால் செவுளைப் புடைத்து வாலை விரிக்கும். அந்த விரிப்பு எங்கள் இரண்டு பேரையும் பைத்தியமாக்கிவிட்டது. நல்ல மீன் விரித்தால் வால் சரியான அரை வட்டமாக நிற்கும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். ஹாஃப் மூன் என்பார்கள். கொளத்தூர் மீன் கடைகளில் பார்க்கிற பாதி மீனுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள், ஆனால் உண்மையான அரை வட்டம் அபூர்வம். என் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடைக்கடையாகப் போய்க் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையும் நானும் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கினோம். உடம்பு வெள்ளை, உதடு மட்டும் வெற்றிலை போட்டது போலச் சிவப்பு. ஆணின் வால் அரை வட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, கீழ் மூலை மட்டும் தொங்கியது. ஒவ்வொரு தலைமுறையிலும் வால் நேராக நிற்கிற ஆணையும் அதற்கேற்ற பெண்ணையும் பொறுக்கி, அவற்றையே மறுபடி சேர்த்துக்கொண்டு போனால் அந்த மூலையையும் நிமிர்த்திவிடலாம் என்பது திட்டம். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால் பெரம்பூர் தாண்டுவதற்குள்ளேயே, ஜோடி யார் வீட்டில் இருப்பது என்ற பிரச்சினை வந்துவிட்டது.

உன் வீட்டில் இருந்தால் எனக்குத் தெரியாமல் விற்றுவிடுவாய் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. உன் வீட்டில் இருந்தால் உன் தோஸ்துகளுக்குக் குஞ்சு போய்விடும் என்று நானும் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஆண் மீன்கள் எல்லாம் அவர் வீட்டில், பெண் மீன்கள் எல்லாம் என் வீட்டில். சேர்க்க வேண்டிய நேரத்தில் அவர் ஆணைக் கொண்டுவர வேண்டும். ஆண் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது, பெண் இல்லாமல் அவரும் ஒன்றும் செய்ய முடியாது. வால் முழுசாக வருகிற வரை ஒரு மீனும் வெளியே போகக் கூடாது. திருவொற்றியூர்க் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி இரண்டு பேரும் சத்தியம் செய்தோம். எனக்கு அன்று என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்தேன். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டிகள்தான் தொட்டி. லாரித் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஆறவைத்து, காய்ந்த வாதாம் இலையைப் போட்டால் டிகாஷன் நிறத்துக்கு வரும். ஃபைட்டருக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். சகலை ஒரு பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் வருவார். ஆண் நுரையால் கூடு கட்டும், பெண்ணை வளைத்துப் பிடிக்கும், விழுகிற முட்டையை வாயில் பொறுக்கி நுரைக்குள் ஒட்டும். அது முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். கூட்டைக் காப்பது ஆண்தான். அந்த நாள்களில் சகலை எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்வார். மீனுக்குத் துணை என்பார். எனக்குக் காவல் என்று தெரியும்.

குஞ்சுகள் வளர்ந்ததும் பிரிப்பு. இதற்கு மட்டும் இரண்டு பேரின் மனைவிகளும் வருவார்கள், அக்கா தங்கை பேச்சுக்கு ஒரு சாக்கு. ஒவ்வொரு மீனையும் கண்ணாடி டம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பார்ப்போம். வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெண், எனக்கு. துடுப்பு நீள ஆரம்பித்திருந்தால் ஆண், அவருக்கு. சிலது மட்டும் இரண்டிலும் சேராது. உடம்பு சின்னது, துடுப்பு குட்டை, புள்ளியும் தெளிவாக இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தெரிந்துவிடும்தான். ஆனால் அதுவரை அது யார் வீட்டில் இருப்பது? என் வீட்டில் ஒன்று ஆணாகிவிட்டால் ஜோடி என் கையில், அவர் வீட்டில் ஒன்று பெண்ணாகிவிட்டால் ஜோடி அவர் கையில். அதனால் தெரியாததையெல்லாம் கழித்துவிடுவது என்று முதல் பிரிப்பிலேயே முடிவு செய்தோம். பக்கத்து வீட்டில் பெரிய ஆஸ்கர் மீன் இருந்தது, எது போட்டாலும் விழுங்கும். என் கையால் போட எனக்கு மனசு வரவில்லை. கழித்ததை ஒரு சொம்பில் விட்டு மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவள் தங்கையோடு எடுத்துக்கொண்டு போவாள், காலிச் சொம்போடு வருவாள்.

தலைமுறைகள் போயின. நிறம் சுத்தமானது, துடுப்பு நீண்டது. அந்தக் கீழ் மூலை மட்டும் நிமிரவே இல்லை. பாகைமானியை வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். சகலை தண்ணீரைக் குறை சொன்னார், நான் அவர் மாடியில் விழுகிற அனல்மின் நிலையச் சாம்பலைக் குறை சொன்னேன்.

அப்போதுதான் அந்த மீனைப் பார்த்தேன். கொளத்தூரில் ஒரு சின்னக் கடை, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பாட்டில். வெள்ளை உடம்பு, வெற்றிலை உதடு. என் நிழல் பட்டதும் விரித்தது. பாகைமானியை எடுத்து வைத்தேன். மேல் ஓரமும் கீழ் ஓரமும் அடிக்கோட்டில் படுத்தன, ஒரு மயிரிழை விலகவில்லை. நான் வருஷக்கணக்காக மனசில் வைத்திருந்த மீன் வேறு யாருடைய பாட்டிலிலோ நின்றுகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். மீன் கடைக்காரர் எவரும் அதைச் சொல்ல மாட்டார். ஏற்கனவே ஒருவர் சொல்லி வைத்துவிட்டார், விற்பனைக்கு இல்லை என்றார். கெஞ்சிய பிறகு, நம்ம வடசென்னை சரக்குதான் என்று மட்டும் சொன்னார். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் மீன் மொத்த உலகத்தில் இரண்டே மாடிகளில்தான் இருந்தது. என் மாடியில் ஆண் கிடையாது. அப்படியானால் ஏதோ ஒரு பிரிப்பில் சகலை ஒரு பெண்ணை ஆண் என்று சொல்லித் தன் பக்கம் தள்ளியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் படத்தைக் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்து, வெள்ளை மீன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை. அதைக் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் என் சந்தேகம் அதற்குள் வள்ளூர் பஸ் ஏறிவிட்டிருந்தது, இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த விடுமுறையில் ஒரு பை வாதாம் இலையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சகலை வீட்டுக்குப் போனேன். மாடியில் வரிசையாகப் பாட்டில்கள், ஒன்றை ஒன்று பார்த்துவிடாமல் நடுவில் அட்டைகள், சாம்பலுக்காக மேலே கொசுவலை. அவர் டீ சொல்லக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஆண். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கோணி போட்டு மூடிய ஒரு பெட்டி இருந்தது. மாட்டிக்கொண்டாய் என்று கோணியைத் தூக்கினேன். உள்ளே கொசுப்புழு. மீனுக்குத் தீனி. பின்னால் திரும்பினால் சகலை நிற்கிறார். டீ சொல்லப் போகவே இல்லை, படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா சகல, பொண்ணு தேடுறியா? உன் வூட்டுல ஆம்பள எங்க ஒளிச்சு வச்சிகினுகீற, அத்த மொதல்ல சொல்லு."

அவர் தன் போனை நீட்டினார். அதே கடை, அதே கல்லா, அதே மீன். எனக்கு முந்தின வாரமே போய்ப் படம் எடுத்திருக்கிறார். அந்த மீனைச் சொல்லி வைத்த ஆளும் அவர்தான். விற்ற காசைக் கேட்டு நான் வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. நான் அவரைத் திருடன் என்றேன். அவர் என்னைக் கலீஜ் புத்தி என்றார். ஜோடி வாங்கின நாளிலிருந்து விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் இரண்டு பேரும் கொட்டினோம். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதும் மீனும் நின்றது. என் தொட்டிகளில் பெண்கள் முட்டை கட்டி வயிறு உப்பி நின்றன. அங்கே ஆண்கள் பாட்டிலுக்குள்ளேயே வெறும் நுரை கட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஃபைட்டருக்கு ஆயுசு கம்மி. வயசான ஆண் கூடு கட்டாது, வயசான பெண்ணுக்கு முட்டை பிடிக்காது. வெளியிலிருந்து வேறு ஆணைக் கொண்டுவந்தால் இத்தனை தலைமுறை கட்டின வால் கரைந்துவிடும். இந்தத் தடவை தவறவிட்டால் வெற்றிலை உதட்டு மீன் எங்கள் இரண்டு பேரின் மாடியிலும் முதுமையில் செத்துப்போகும், அதோடு முடிந்தது. ஒரு போன் செய்தால் போதும். யார் செய்வது? சாயங்காலம் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அழுகை வரும். அழுதுவிட்டு, அவனே பண்ணட்டும் என்று எழுந்து வருவேன்.

அக்காவும் தங்கையும் மட்டும் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தார்கள். என் மாமியார் புளியந்தோப்பில் குடியிருப்பு வாரிய வீட்டில் இருக்கிறார். ஆடு வெட்டுகிற ஆட்டுத்தொட்டியிலிருந்து ஈரல் வாங்கி, சாயங்காலம் தெருமுனையில் வறுவல் போட்டு விற்பவர். என் மனைவி மூன்றடுக்கு கேரியரில் ஏதாவது எடுத்துப் போவாள், திரும்பும்போது மேல் அடுக்கில் ஈரல் வறுவல் வரும். ஒரு நாள் கேரியரைக் கழுவ நான் எடுத்தேன். கீழ் அடுக்கின் உட்பக்கத்தில் வளையமாக ஒரு கறை. சீல் பார்த்துப் பழகின கண், விடுமா? விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். வாதாம் இலைத் தண்ணீர்.

மாடிக்கு ஓடிப் பெண் மீன்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. அப்படியானால் தண்ணீர் மட்டும் எதற்குப் போகிறது? தங்கை மூலமாகச் சகலைக்கா? என் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டாரா? அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். பேஜாரு, வேலையில் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பின பிறகு நானும் கிளம்பினேன். அவள் பஸ்ஸில், நான் ஷேர் ஆட்டோவில். புளியந்தோப்பில் மாமியார் வீட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே மறைந்து நிற்கலாம் என்று போனால், ஒரு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் தெரிந்த மீசை எனக்குப் பழக்கமானது.

சகலையும் தன் மனைவியின் பின்னால் வந்திருந்தார். அவர் வீட்டில் குஞ்சுத் தீனி டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிக்கொண்டிருந்ததாம். நான் அந்தத் தீனியை வாங்கிக்கொள்ள வந்தவன் என்று அவர் நினைத்தார், அவர் என் தண்ணீரை வாங்கிக்கொள்ள வந்தவர் என்று நான் நினைத்தேன். நீ முன்னால் போ என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்தக் குறுகல் படிக்கட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒன்றாகவே ஏறினோம்.

கதவு திறந்துதான் இருந்தது. பால்கனியில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து ஸ்பூனால் ஈரலை மாவு போலச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி தெர்மோகோல் பெட்டிகள், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. தொட்டிக்கு நடுவில் அட்டை. அட்டைக்கு இந்தப் பக்கம் வெள்ளை ஆண் ஒன்று எங்களைக் கண்டதும் விரித்தது. நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். சகலை, வேணாம், தெரியுது என்றார். பாகைமானி தேவைப்படவே இல்லை. கீழ் மூலை பலகை போல நின்றது.

என் மனைவி பதறவில்லை. ஈரல் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சொம்பில் நான் கொடுத்தவற்றை அவர்கள் ஒரு தடவைகூட ஆஸ்கருக்குப் போடவில்லை. உயிரோடு இருப்பதை எப்படிப் போடுவது என்று முதல் தடவையே கேரியருக்கு மாற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விட்டு, ஈரல் தூள் போட்டு வளர்த்தார்கள். ஆணா பெண்ணா என்று அவர்களுக்கு அவசரம் இல்லை. தெரிகிறபோது தெரியட்டும் என்று விட்டார்கள். தெரிய வந்தபோது சிலதற்கு வால் மெல்ல மெல்ல நீண்டு, கீழ் மூலை நிமிர்ந்து நின்றது. நாங்கள் சின்னது என்றும் குட்டை என்றும் கழித்தது எல்லாம் வாலைத் தாமதமாக விரிக்கிற மீன்கள். அவற்றையே இவர்கள் ஜோடி சேர்த்திருக்கிறார்கள். வறுவல் வாங்க வருகிற ஒருவருக்குக் கொளத்தூரில் மீன் கடை. மாமியார் அவருக்குச் சில மீன்களைக் கொடுத்து இந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கியிருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, வேறென்ன வரும்? என் வீட்டிலேயே, என் தண்ணீரிலேயே, எனக்கு மறைத்து. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. சகலையும் தன் பங்குக்கு அதையே கேட்டார். அவ்வளவு நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்ற இடம் அதுதான்.

"சொன்னா இன்னா பண்ணிருப்பீங்க?" என்றாள் என் மனைவி. "ஆம்பளைய அவரு தூக்கினு போயிருப்பாரு, பொண்ண நீ தூக்கினு வந்திருப்ப. ஆம்பளயா பொம்பளயான்னு தெரியாத குட்டிய மறுபடி எங்க கையில குட்த்து சாவடிக்கச் சொல்லிருப்பீங்க."

அவள் சொன்னது அச்சு அசலாக நான் செய்திருக்கக்கூடியது. சொல்லப்போனால், அந்த நிமிஷம்கூட என் மனசு அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணை எந்தப் பாட்டிலில் எடுத்துப் போகலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தது. சகலையின் கண் ஆணின் மேல் இருந்தது. மாமியார் உள்ளேயிருந்து வந்தார். வறுவலுக்கு வெங்காயம் நறுக்கிய கை. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஒன்று சொன்னார்.

"மாப்ள, மீனு வேணும்னா தாராளமா எட்த்துக்கோங்க. ஆனா ஜோடி ஒரே வூட்டுல இருக்கணும். எந்த வூடுன்னு நீங்களே பேசிக்கினு வந்து சொல்லுங்க."

பேசினோம். டீக்கடையில் பேசினோம், பஸ் ஸ்டாண்டில் பேசினோம், போனில் பேசினோம். அவர் வீடு என்று நான் சொல்லவில்லை, என் வீடு என்று அவர் சொல்லவில்லை. அப்புறம் என் மாடியிலிருந்த பெண்கள் ஒவ்வொன்றாகக் கிழடுதட்டிப் போயின. அவர் பாட்டில்களும் காலியாகின. இன்றைக்கு அந்த மீன் உயிரோடு இருப்பது புளியந்தோப்பு பால்கனியில் மட்டும்தான். ஆணும் பெண்ணும் குட்டியும், எதுவென்று இன்னும் தெரியாததும், எல்லாம் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போகிறேன். சகலையும் வருகிறார். பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். மாமியார் டீ தருவார். உள்ளே அக்காவும் தங்கையும் சிரிக்கிற சத்தம் கேட்கும். எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை. அவர் எழுந்தால்தான் நான் எழுவேன், நான் எழுந்தால்தான் அவரும். படியிறங்கும் முன் மாமியார் வாசலில் நிற்பார். என் பையையும் அவர் பையையும் வாங்கி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். ஹெல்மெட்டைக்கூடத் திருப்பிப் பார்ப்பார். கேட்டில் நான் செய்கிற அதே வேலைதான். முதலில் எனக்கு முகம் சுருங்கிப்போனது. இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே நான் பையை விரித்துக் காட்டிவிடுகிறேன். பாட்டில் ஒன்றும் இல்லை என்று அவர் கை காட்டின பிறகுதான் கீழே இறங்குகிறோம்.